ட்ரெக்குன்னா இழு

போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப தாத்தாகிட்ட நேபாள போட்டோவெல்லாம் காட்டிட்டு இருந்தேன். ஆபீஸ் பசங்க அஞ்சு பேரு சேர்ந்து அன்னபூர்ணா பக்கம் பூன் ஹில் வரைக்கும் போயிட்டு வந்தோம், நாலு நாள் நடை, 3210 மீட்டர் உயரம், என் முட்டி ரெண்டும் இன்னும் பழைய நிலைக்கு வரல. தாத்தாவுக்கு வயசு 84. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திவிட்டுட்டு மொபைல மூக்குகிட்ட வச்சுப் பாத்துட்டு இருந்தாரு.

"எதுக்குடா இவ்வளவு தூரம் போனீங்க?"

"ட்ரெக் தாத்தா."

"அப்படின்னா?"

"மலை ஏறுறது."

"கோயிலா?"

"கோயிலெல்லாம் இல்ல, சும்மா ஏறுறது, மேல போயி சூரியன் உதிக்கிறதப் பாத்துட்டு எறங்குறது."

அதுக்கு ஒண்ணும் சொல்லல. நாலஞ்சு போட்டோ தள்ளிட்டு, "சாமானெல்லாம் யாரு தூக்குனா?"ன்னு கேட்டாரு. போர்ட்டருங்க மூணு பேரு வந்தாங்க தாத்தா, ரெண்டு பேரு பைக்கு ஒரு ஆளுன்னு கணக்குன்னேன். சோறு? அங்கங்க வீடு மாதிரி லாட்ஜ் இருக்கு, அவங்களே பொங்கிப் போடுவாங்க. வழி? கூட கைடு ஒருத்தர் வந்தாரு.

"அப்ப நீங்க என்னதான்டா பண்ணீங்க?"

நடந்தோம் தாத்தான்னு சொல்றதுக்கு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவரு கிண்டலுக்கு கேக்கல, நிஜமாவே புரியாமதான் கேட்டாரு. ஆனா அந்தக் கேள்வி மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு. அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடில படுத்துக்கிட்டு இந்த ட்ரெக்குங்கிற வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சவன் விடியக்காலைல மூணு மணிக்குத்தான் மொபைல கீழ வச்சேன். தாத்தா கேட்ட கேள்வி அந்த வார்த்தைக்குள்ளயே இருக்குங்க, அதான் விஷயம்.

நாம மலையேற்றம்னு சொல்றோம். நம்ம வனத்துறை 2024ல ட்ரெக் தமிழ்நாடுன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு 40 வழித்தடம் திறந்தாங்களே, அதுலயும் தமிழ்ல மலையேற்றம்தான். தப்பில்ல, நல்ல வார்த்தை. ஆனா ட்ரெக்குங்கிற வார்த்தைக்குள்ள மலையும் இல்ல ஏத்தமும் இல்ல. நடைகூட இல்ல. டச்சு மொழில ட்ரெக்கன்னா இழுக்கிறது. அவ்வளவுதான். கயிறு கட்டி இழுக்கிறோமே, அந்த இழு.

எங்க டீம்ல நெதர்லாந்துல இருக்கிற ஒருத்தரோட வாரம் ரெண்டு கால் இருக்கும், அவருகிட்ட கேட்டேன். மனுஷன் குஷியாயிட்டாரு, அரை மணி நேரம் வேலைய விட்டுட்டு இதையே பேசினாரு. டச்சுக்காரங்களுக்கு எல்லாமே இழுக்கிறதுதான் போல. டீத்தூள் கொதிதண்ணில கிடந்து சாறு இறங்குறதுக்கு, டீ இழுக்கட்டும்னு சொல்வாங்களாம், நாம டிகாக்‌ஷன் இறங்கட்டும்னு சொல்றோம்ல அது மாதிரி. கதவிடுக்குல குளிர்காத்து வந்தா, இங்க இழுக்குது. சீசனுக்கு வந்து போற பறவை, இழுக்கும் பறவை, ட்ரெக்ஃபோஹல். அந்தக் காலத்துல கால்வாய்ல குதிரை கரையோரமா நடந்து கயித்தால இழுத்துட்டுப் போன படகுக்கு ட்ரெக்ஸ்கௌட்னு பேரு. உழுற டிராக்டருக்கும் ட்ரெக்கர், முதுகுல பை மாட்டிட்டு ஊர் சுத்துறவனுக்கும் ட்ரெக்கர், துப்பாக்கில விரல் வச்சு இழுக்கிறோமே அந்தக் கொக்கிக்கும் ட்ரெக்கர். இங்கிலீஷ்ல ட்ரிக்கர்னு இருக்கிறது இந்தக் கடைசி ஆளுதான், 17ஆம் நூற்றாண்டுலயே வந்து சேர்ந்தவரு. அதே வீட்ல இருந்து இருநூறு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை வேற வழியா வந்ததுதான் ட்ரெக்.

(டீன்னு சொன்னதும் ஞாபகம் வருது, மலேசியால நம்ம தமிழ் முஸ்லிம் கடைக்காரங்க போடுற தே தாரிக் இருக்கில்ல, தாரிக்னா மலாய்ல இழுக்கிறது. நாம ஆத்துறோம், அவங்க இழுக்கிறாங்க. இதுக்கும் டச்சுக்கும் சம்பந்தமில்ல, சும்மா சொன்னேன்.)

அந்த வேற வழி எதுன்னா தென்னாப்பிரிக்கா. 1652ல டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி கேப்ல, அதாவது ஆப்பிரிக்காவோட தெக்கு முனைப் பக்கம், ஒரு சின்ன குடியிருப்பு போட்டாங்க, ஆசியாவுக்குப் போற கப்பலுக்கு தண்ணி, காய்கறி, கறி ஏத்துறதுக்காக. பழவேற்காட்டுல கோட்டை கட்டினது, 1658ல நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து பிடுங்கினது எல்லாம் இதே கம்பெனிதான். துட்டு, கக்கூஸ், மேசைல இருக்கிற லாச்சி, இதெல்லாம் நமக்கு அவங்க விட்டுட்டுப் போனது. நல்ல சொத்துதான்.

கேப்ல குடியேறின டச்சு விவசாயிங்க, போயர்னு சொல்வாங்க, போயர்னாலே விவசாயிதான், அவங்க கொஞ்சம் கொஞ்சமா மாட்டையும் ஆட்டையும் ஓட்டிக்கிட்டு உள்நாட்டுப் பக்கம் நகர ஆரம்பிச்சாங்க. நகர்றதுன்னா மாட்டு வண்டி. நம்ம ரெண்டு மாட்டு வண்டி மாதிரி இல்ல, நாலு சக்கரம், மேல கேன்வாஸ் கூண்டு, ஒரு வண்டிக்கு ஜோடி ஜோடியா 12 மாடு, 16 மாடுன்னு பூட்டுவாங்க. பக்கப் பலகை பாக்க மாட்டோட தாடை எலும்பு மாதிரி இருக்கும்னு அந்த வண்டிக்கே தாடையெலும்பு வண்டின்னு பேரு. முன் ஜோடிக்கு முன்னாடி ஒரு பையன் தோல்வாரைப் பிடிச்சுக்கிட்டு நடப்பான், வண்டியோட்டி நீளச் சாட்டையோட இருப்பான். அவன் மாட்டைப் பாத்து கத்துற கட்டளைதான் ட்ரெக்! இழு!

அதாவது அந்த வார்த்தை முதல்ல மாட்டுக்குச் சொன்னது. மனுஷனுக்கு இல்ல.

அப்புறம் அதே வார்த்தை தூரத்துக்கும் பேராச்சு. மாட்டைப் பூட்டுற இடத்துல இருந்து அவுத்து விடுற இடம் வரைக்கும் உள்ள ஒரு ஓட்டம், அது ஒரு ட்ரெக். இன்னும் ரெண்டு ட்ரெக் இருக்குன்னா இன்னும் ரெண்டு தடவை பூட்டி அவுக்கணும்னு அர்த்தம். பூட்டுறதுக்கு இன்ஸ்பான், அவுக்கிறதுக்கு அவுட்ஸ்பான், இந்த ரெண்டு வார்த்தையும் அப்படியே இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு, அவுட்ஸ்பான்னு ஆரஞ்சுப் பழத்துக்கு ஒரு பிராண்டே உண்டு. அவுத்து விட்டு மாட்டைத் தண்ணி காட்டி மேய விடுற பொது இடத்துக்கும் அவுட்ஸ்பான்தான் பேரு.

இதைப் படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா இது நமக்கு எதுக்கு டிக்‌ஷனரி, நம்ம ஊர்ல எத்தனை டவுன்ல வண்டிப்பேட்டைன்னு பஸ் ஸ்டாப் இருக்கு! அவுட்ஸ்பான்னா வண்டிப்பேட்டை. வெளியூர் போறதையே நாம வண்டி கட்டிக்கிட்டுப் போறதுன்னுதான சொன்னோம். பொண்ணு வீட்டுக்காரங்க வண்டி கட்டிட்டு வந்தாங்க. நாலு வண்டி கட்டிட்டு பழனிக்குப் போனோம். இப்ப கார்ல போறவனும் அதே வார்த்தையைச் சொல்றான், எதைக் கட்டுறோம்னு யோசிக்காமலே. போயர்களுக்கு இழுக்கிறதுல இருந்து பயணம் வந்துச்சு, நமக்கு கட்டுறதுல இருந்து. ரெண்டும் மாட்டோட கழுத்துகிட்டதான் ஆரம்பிக்குது.

காலைல இதை தாத்தாகிட்ட சொன்னா அவருக்கு ஒரு ஆச்சரியமும் இல்ல. ஆமா, பின்ன எப்படிப் போவாங்கன்னாரு. அவரு சின்ன வயசுல வெங்காயம் ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வண்டி ஓட்டினவரு. ராத்திரி சாப்பிட்டுட்டு பூட்டினா விடியிறதுக்குள்ள சந்தைல நிக்கணும். வலத்துல மயிலை, இடத்துல செவலை. வண்டிக்கு அடில அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்க விட்டுருவாங்களாம், அது ஆடுற ஆட்டத்துல மாட்டோட கால் நிழல் ரோட்டோரத்துல பெருசா நடந்து வருமாம், சின்னப் பையனா கூடப் போனப்ப அதைப் பாத்துப் பயந்துக்கிட்டே இருப்பாராம். பெரிய ஆளானதுக்கப்புறம் பயமில்ல, ஏறி மூட்டை மேல துண்டை விரிச்சுப் படுத்தா தூக்கம்தான். மாட்டுக்கு வழி தெரியும். சத்திரப்பட்டி தாண்டி ஒரு கிணத்தடில மாடு தானா நின்னுரும், அங்கதான் அவுத்து விட்டுத் தண்ணி காட்டுறது, வண்டி நின்னதும்தான் இவருக்கு முழிப்பே வரும்.

"யாரு ஓட்டினது, நானா ஓட்டினேன்?"னாரு. "மாடு போச்சு, நான் போயிச் சேந்தேன்."

சரி, தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். இந்த வார்த்தை உலகத்துக்குத் தெரிஞ்சது அங்க நடந்த ஒரு பெரிய இடப்பெயர்ச்சியாலதான், கிரேட் ட்ரெக்னு சொல்வாங்க. 1806ல கேப் நிரந்தரமா பிரிட்டிஷ்காரன் கைக்குப் போச்சு. கோர்ட்டு, ஆபீஸ் எல்லாம் இங்கிலீஷ் ஆச்சு, எல்லைல கோசா மக்களோட சண்டை மேல சண்டை, நிலம் பத்தல, இப்படி போயர்களுக்கு ஏகப்பட்ட கடுப்பு. அதுல பெரிய கடுப்பு, பிரிட்டன் 1833ல அடிமை முறையை ஒழிச்சுச் சட்டம் போட்டு, 1834 டிசம்பர்ல அது கேப்ல நடைமுறைக்கு வந்தது. அடிமைகளை விட்டதுக்கு நஷ்டஈடு, யாருக்கு, அடிமைக்கு இல்ல, முதலாளிக்கு! அதையும் லண்டன்ல போய் வாங்கிக்கணும். 1835ல இருந்து அடுத்த சில வருஷத்துல 12,000லருந்து 15,000 பேர் வரைக்கும் போயர்கள் வண்டியைக் கட்டிக்கிட்டு பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டி வடக்கயும் கிழக்கயும் போயிட்டாங்க. போன தலைவர்கள்ல ஒருத்தரு பீட் ரெட்டீஃப், அவரோட உறவுக்காரப் பொண்ணு ஒருத்தங்க பின்னாடி எழுதி வச்சிருக்காங்க, அடிமைகளை விடுதலை பண்ணது கூட இல்ல, அவங்களைக் கிறிஸ்தவங்களான எங்களுக்குச் சமமா வச்சதுதான் எங்களை விரட்டுச்சுங்கிற அர்த்தத்துல. இதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் மொபைல கவுத்து வச்சுட்டேன்.

ஏன்னா அந்த அடிமைங்க யாரு? கேப்புக்கு டச்சுக் கம்பெனி காலத்துல மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள்ல இருந்து மட்டுமில்ல, வங்காளத்துல இருந்தும் இலங்கைல இருந்தும் நம்ம சோழமண்டலக் கரைல இருந்தும் ஆளுங்களைக் கொண்டு போனாங்க. பழைய பதிவேடுகள்ல அவங்களுக்கு அப்பன் பேரு கிடையாது, ஒரு டச்சுப் பேரு வச்சு பின்னாடி ஊரைச் சேத்துருப்பாங்க, வான் பெங்காலன், வான் கோரமண்டல்னு. கோரமண்டல்னா நம்ம சோழமண்டலம்தான். எந்த ஊரு, எந்தத் தெரு, அம்மா என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டா, எல்லாம் போச்சு.

அங்க மாட்டை அடிக்கிற கெட்டியான தோல் சவுக்குக்கு ஷாம்பொக்னு பேரு. அந்த வார்த்தை அங்க போன வழியும் இதேதான், பாரசீகத்துல சாபுக், அது உருதுல புழங்கி, மலாய்ல சம்புக் ஆகி, அங்கிருந்து கேப்புக்குப் போச்சு. அதே சாபுக்தான் இங்க தமிழ்ல சவுக்குன்னு உக்காந்துருக்கு. வார்த்தைக்கு மட்டும் கப்பல் டிக்கெட் ஈஸியா கிடைச்சுருது.

கிரேட் ட்ரெக் படங்களைப் பாத்தீங்கன்னா தாடி வச்ச வெள்ளைக்காரரு, தலைல துணிக்கூண்டு கட்டின பொண்டாட்டி, குழந்தைங்க, வண்டி. ஆனா அந்த வண்டிக்கு முன்னாடி வாரைப் பிடிச்சுட்டு நடந்த பையன் யாரு, மாடு மேய்ச்சது யாரு, விறகு பொறுக்கினது யாருன்னா கறுப்பின வேலைக்காரங்க, கேப்போட பூர்வகுடிகளான கோய்கோய் ஆளுங்க, நேத்து வரைக்கும் அடிமையா இருந்தவங்க. ஆயிரக்கணக்குல கூடப் போயிருக்காங்க. டிராக்கன்ஸ்பெர்க் மலையைத் தாண்டுறப்ப செங்குத்தா இறங்குற இடத்துல பின் சக்கரத்தைக் கழட்டிட்டு அடில மரக்கிளையைக் கட்டி இழுக்கவிட்டு பிரேக் மாதிரி பண்ணி இறக்கினாங்களாம். அந்த இடத்துல கயித்தைப் பிடிச்சு பின்னால சாஞ்சு நின்னவங்க கை எப்படி இருந்திருக்கும்னு ஒரு பெயிண்டிங்லயும் பெருசா வரைஞ்சு வைக்கல.

1838 பிப்ரவரில ரெட்டீஃப் ஜூலு மன்னர் டிங்கானேகிட்ட நிலம் பேசப் போயி, கூடப் போனவங்களோட சேத்துக் கொல்லப்பட்டாரு. அடுத்து சில நாள்ல ஜூலு படைங்க வண்டி முகாம்களைத் தாக்குச்சு. அந்தப் பக்கத்துல பின்னாடி வந்த ஊருக்கு வீனன்னு பேரு, டச்சுல அழுகைன்னு அர்த்தம். அங்க செத்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேரு வேலைக்காரங்க. பேரு வச்சப்ப யாருக்காக அழுதாங்கன்னு எனக்கு சந்தேகமா இருக்கு. அதே வருஷம் டிசம்பர் 16, போயர்கள் வண்டிகளை வட்டமாக் கட்டி நடுவுல நின்னுக்கிட்டு துப்பாக்கியால சுட்டதுல ஜூலுக்கள் ஆயிரக்கணக்குல செத்தாங்க, ஆறே செவந்துச்சுன்னு ப்ளட் ரிவர்னு பேரு. நூறு வருஷம் கழிச்சு 1938ல அதே மாதிரி மாட்டு வண்டி ஊர்வலம் விட்டாங்க, 1949ல பிரிட்டோரியால ஒரு பிரம்மாண்டமான கல் மண்டபம் திறந்தாங்க, சுத்துச் சுவர்ல 64 கல் வண்டி. நடுவுல 1948ல இனஒதுக்கல் கட்சி ஆட்சிக்கு வந்துருச்சு. இத்தனைக்கும் போனப்ப அந்தப் போயர்கள் தங்களை குடிபெயர்ந்தவங்கன்னுதான் சொல்லிக்கிட்டாங்க, வூர்ட்ரெக்கர், அதாவது முன்னாடி போனவங்கங்கிற பட்டமெல்லாம் பல வருஷம் கழிச்சுச் சூட்டினது. முன்னாடி போனது மாடும் அந்தப் பையனும்தான், நியாயமா பாத்தா.

இன்னொரு விஷயம், இதை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. அந்த ட்ரெக்காரங்க போயி உண்டாக்கின நாடுகள்ல ஒண்ணு ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட், இன்னொண்ணு டிரான்ஸ்வால். ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட்ல 1891லயே இந்தியர்கள் குடியிருக்கக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, அது 1980கள் வரைக்கும் இருந்துச்சு. டிரான்ஸ்வால்லயும் நம்மாளுங்க நுழைய அனுமதிச் சீட்டு வேணும். இந்தப் பக்கம் பிரிட்டிஷ்காரன் கைல இருந்த நேட்டால்ல 1860 நவம்பர் 16 அன்னைக்கு மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோங்கிற கப்பல்ல முதல் கூட்டமா ஒப்பந்தக் கூலிங்க வந்து இறங்கினதுல இருந்து கரும்புத் தோட்டம், ரயில், நிலக்கரிச் சுரங்கம் எல்லாம் தமிழ், தெலுங்கு ஆளுங்க உடம்புலதான் ஓடுச்சு. ஒப்பந்தம் முடிஞ்சும் ஊருக்குத் திரும்பாம இருந்தா வருஷம் மூணு பவுண்டு தலைவரி.

1913ல டிரான்ஸ்வால்ல இருந்து தமிழ்ப் பெண்கள் கொஞ்சப் பேரு நியூகாசில் சுரங்கத்துக்கு வந்து பேசி, தொழிலாளிங்களை வேலைநிறுத்தத்துல இறக்கி விட்டாங்க. அப்புறம் காந்தியோட சேந்து எல்லையை நோக்கி நடந்தாங்க, நியூகாசில்ல இருந்து சார்ல்ஸ்டவுனுக்கு 36 மைல். அங்கிருந்து நவம்பர் 6ஆம் தேதி எல்லையைத் தாண்டினப்ப எண்ணிக்கை 2037 ஆம்பளைங்க, 127 பொம்பளைங்க, 57 குழந்தைங்க. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை, அவ்வளவுதான் சாப்பாடு. அதே டிராக்கன்ஸ்பெர்க் பக்கத்து மேட்டு நிலம். வண்டியும் இல்ல, மாடும் இல்ல, குழந்தை இடுப்புல, மூட்டை தலைல. எல்லைக்கு அந்தப் பக்கம் முதல் ஊரு ஃபோல்க்ஸ்ரஸ்ட், பேருக்கு அர்த்தம் மக்கள் இளைப்பாறுற இடம். அந்த மக்கள்ல நம்மாளுங்க சேத்தி இல்லைன்னு வேற சொல்லணுமா. அடுத்த வருஷம் தலைவரி போச்சு, ஆனா தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலுக்குப் போயி, காய்ச்சலோட வெளிய வந்து, 1914 பிப்ரவரி 22ல இறந்துட்டாங்க.

இதை கிரேட் மார்ச்னு எழுதுறாங்க, ட்ரெக்னு யாரும் எழுதல. சரியாத்தான் இருக்கு. ட்ரெக்குன்னா இழுக்க வேற யாராவது இருக்கணும்ல.

சரி, இவ்வளவு ரத்தமும் சேறுமா இருந்த வார்த்தை எப்படி எங்க ஆபீஸ் வாட்ஸாப் குரூப்புக்கு வந்துச்சு? பிரிட்டிஷ்காரனும் போயர்களும் மோதிக்கிட்ட போயர் யுத்த காலத்துல இங்கிலீஷ் பேப்பர்கள் வழியா எல்லா வீட்டுக்கும் போயிருச்சு, கஷ்டமான நீளப் பயணம் எல்லாமே ட்ரெக் ஆச்சு. ஜெர்மன்லயும் இதே வார்த்தை ட்ரெக்னே இருக்கு, அவங்களுக்கு அது இன்னும் பயங்கரம், 1945 ஆரம்பத்துல ரஷ்யப் படை வர்றதப் பாத்து கிழக்குப் பிரஷ்யால இருந்து லட்சக்கணக்கான ஜனங்க குதிரை வண்டில, உறைஞ்சு கிடந்த கடல் கழி மேலயே ஓடினாங்களே, அந்த வண்டி வரிசைக்குத்தான் அங்க ட்ரெக்னு பேரு. அமெரிக்காவுல 1966ல ஸ்டார் ட்ரெக் டிவில வந்துச்சு, அதை உருவாக்கினவரு சேனல்காரங்ககிட்ட கதை சொன்னப்பவே நட்சத்திரத்துக்குப் போற கூண்டு வண்டி வரிசை மாதிரின்னுதான் சொல்லி வித்தாராம். பாருங்க, விண்வெளிக்குப் போனாலும் வண்டி கட்டாம விடல.

மலைக்கு வந்தது இமயமலை வழியா. கூர்க்கா படைல இருந்து ரிட்டயர் ஆன ஜிம்மி ராபர்ட்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் கர்னல் 1964ல காத்மாண்டுல மவுன்டன் டிராவல்னு கம்பெனி ஆரம்பிச்சு, அடுத்த வருஷம் மூணு அமெரிக்கப் பெண்களை எவரெஸ்ட் பக்கம் நடக்கக் கூட்டிட்டுப் போனாரு. டென்ட்டு, சமையல், ஷெர்பா, போர்ட்டர் எல்லாம் கம்பெனி பாத்துக்கும், நீங்க நடந்தாப் போதும். அதுக்கு ட்ரெக்கிங்னு பேரு வச்சாங்க. நாடு விட்டு ஓடினவங்களோட வார்த்தை லீவு போட்டுட்டு போறவங்களுக்கு வந்துருச்சு. இப்ப இங்கிலீஷ்காரங்க சூப்பர் மார்க்கெட் கொஞ்சம் தூரமா இருந்தாக்கூட அதெல்லாம் பெரிய ட்ரெக்குப்பா, யாரு போவான்னு சலிச்சுக்கிறாங்க.

பயணத்துக்கான இங்கிலீஷ் வார்த்தை எதைத் தோண்டினாலும் கொஞ்சம் வேதனையும் வேலையும்தான் வருது. டிராவல்ங்கிறது ட்ராவெய்ல், அதாவது பாடுபடுறதுல இருந்து பிரிஞ்சது, அதுக்கும் பின்னாடி போனா லத்தீன்ல மூணு கட்டையை நட்டு ஆளைக் கட்டிச் சித்ரவதை பண்ற ஒரு கருவி. ஜர்னின்னா ஒரு நாள் வேலை, ஒரு நாள் தூரம். சஃபாரி மட்டும் கொஞ்சம் கௌரவமானது, சுவாஹிலி வழியா அரபியோட சஃபர், வெறும் பயணம். நம்ம கடலோர முஸ்லிம் ஊர்கள்ல வெளிநாட்டுக்குப் போறதை சபருன்னும் போனவரை சபராளின்னும் சொல்வாங்கல்ல, அதே வார்த்தை. ஆனா சபராளி வீட்டுப் பொம்பளைங்ககிட்ட கேட்டா அதுக்குள்ளயும் எவ்வளவு கஷ்டம் இருக்குன்னு சொல்வாங்க.

நேபாளத்துல எங்க ரெண்டாவது நாள்தான் கொடுமை. உல்லேரிங்கிற ஊருக்கு ஏறுற கல் படி மூவாயிரத்துச் சொச்சம்னு சொல்றாங்க, நான் எண்ணினது இருநூறு வரைக்கும்தான். எங்க பைய தூக்கிட்டு வந்த அண்ணன் எனக்கு ரெண்டு வயசு சின்னவரா இருக்கலாம், ரெண்டு பையையும் சேத்து கயித்தால கட்டி, நாம்லோன்னு ஒரு பட்டை, அதை நெத்தில போட்டு முழு எடையையும் தலையால இழுத்துக்கிட்டு ஏறுவாரு. கழுத்து நரம்பு ரெண்டும் கம்பி மாதிரி நிக்கும். நுகத்தடி கழுத்துல இருந்து நெத்திக்கு ஏறியிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா அப்ப எனக்கு அது தோணல, அப்ப எனக்குத் தோணினது தண்ணி பாட்டில் எங்கங்கிறது மட்டும்தான்.

வழி நெடுக அரசமரமும் ஆலமரமும் வச்சு சுத்திலும் கல் திண்ணை கட்டி விட்ருக்காங்க, சௌதாரான்னு பேரு. சரியா முதுகுச் சுமையைச் சாய்ச்சு வைக்கிற உயரம். நம்ம ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல் நிக்கும்ல, அதே வேலை, அங்க நிழலோட. சௌதாரா வந்ததும் போர்ட்டருங்க முதுகைக் காட்டித் திரும்பி மெதுவா சுமையை உக்கார வச்சுட்டு, பட்டையை நெத்தில இருந்து எடுத்து, ஒரு மூச்சு விடுவாங்க பாருங்க, பாதி விசில் மாதிரி. நாங்க அஞ்சு பேரும் அங்கதான் செல்ஃபி எடுத்தோம்.

ராத்திரி தங்கின ஊரு கோரேபானி. கோரான்னா குதிரை, பானின்னா தண்ணி. திபெத்துல இருந்து உப்பு ஏத்திட்டு வந்த கோவேறு கழுதைக் கூட்டத்துக்கு அவுத்து விட்டுத் தண்ணி காட்டுற இடமா இருந்ததுதான் அந்த ஊரு. வண்டிப்பேட்டையேதான், வண்டி மட்டும் இல்ல. இப்பவும் கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் ஏத்திக்கிட்டு கழுதைக் கூட்டம் மணி அடிச்சுக்கிட்டே வரும், மணி கேட்டா நாம மலைப் பக்கமா ஒதுங்கி நிக்கணும், பள்ளத்துப் பக்கம் நின்னா தட்டி விட்டுரும்னு கைடு முதல் நாளே சொல்லிட்டாரு. முன்னாடி வர்றதுக்கு மட்டும் நெத்தில செவப்புக் குஞ்சம், கழுத்துல வண்ணப் பட்டை, அலங்காரம் பயங்கரமா இருக்கும்.

அந்தக் கழுதை போட்டோ வந்தப்பதான் தாத்தா ஸ்க்ரீனைத் தள்ளாம நிறுத்தினாரு. பனிமலை, சூரியன், எங்க அஞ்சு பேரு மூஞ்சி எதுலயும் அவருக்கு இன்ட்ரஸ்ட் இல்ல, எல்லாத்தையும் சீட்டுக் கட்டு மாதிரி தள்ளிட்டு வந்தவரு இதுல நின்னுட்டாரு. ஒரு பக்கம் ஒரு சிலிண்டர், இன்னொரு பக்கம் ஒரு சிலிண்டர், கழுதை கல் படில முன்னங்காலைத் தூக்கி வைக்குது, பின்னாடி நான் சுவரோட ஒட்டி நின்னு பல்லைக் காட்டிட்டு இருக்கேன்.

"இதுக்கு அங்க லாடம் யாரு அடிக்கிறா?"

தெரியல தாத்தான்னேன்.

"இந்தப் பக்கம் பின்னங்கால்ல லாடம் இல்ல பாரு. கல்லுல போற மாட்டுக்கு ஒரு நாள் லாடம் இல்லைன்னா குளம்பு தேஞ்சுரும், அப்புறம் நொண்ட ஆரம்பிச்சுரும்."

மாடு இல்ல தாத்தா, கழுதைன்னேன். மொபைல வாங்கி ரெண்டு விரலால பெருசாக்கிப் பாத்தேன். படம் கொஞ்சம் கலங்கலாத்தான் இருந்துச்சு. ஆனா ஆமா, இடது பின்னங்கால்ல லாடம் இல்ல.